12 மில்லிமீட்டர் நெல்லை

மாதிரி ரயில் அமைப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. அமைப்பவர்களே அப்படி எண்ணுவதுதான் நமது வழக்கு.

கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வாங்கி, மேலே ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி, ஓரத்தில் நாலு பனை நட்டு, ‘பழைய திருநெல்வேலி’ என்று பெயரிடுகிறார்கள். 1:87 அளவில் அத்தண்டவாளம் குறிப்பது 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதையை. நெல்லையிலிருந்து செங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் அன்று ஓடியதோ மீட்டர் பாதை. அதற்கு வேண்டியது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அகலம் பிழைத்தால் பெட்டி, பாலம், நடைமேடை எல்லாமே பிழைக்கும்.

‘நினைவிலிருந்து செய்தோம்’ என்பது விடையாகாது. நினைவு தனக்கு இனிப்பானதையே சேர்த்துவைக்கும். பழைய புகைப்படம் சாட்சி சொல்லும். அதையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். எஞ்சினில் தென்னிந்திய ரயில்வேயின் பெயரெழுத்து இருந்தால், அது தீட்டப்பட்டது அந்நிறுவனம் தெற்கு ரயில்வேயில் கலந்த 1951க்கு முன். நெல்லைச் சந்திப்பில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் அருகருகே தெரிந்தால், படம் நாகர்கோவிலிலிருந்து அகலப்பாதை வந்த 1981க்குப் பின். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அந்த ஒரு மீட்டரே பக்கத்து நடைமேடையின் உயரத்தை அளக்கும் கோல். நிறத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: சிவப்பை உணராத பழைய தகடுகளில் செங்கல் கறுத்துத் தெரியும்.

இன்னொரு குறையும் உண்டு. ரயில் ஆர்வலர்கள் எஞ்சினையே குறிவைத்தார்கள். கூடைக்காரியும் தண்ணீர்த் தொட்டியும் விளிம்பில் பாதியாக நிற்கின்றனர். மாதிரி அமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளிம்பைத்தான். மீதிப் பாதி நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கலாம்: வழியனுப்ப வந்தவர்கள், கல்யாணக் கோஷ்டி, பின்னால் அம்பாசமுத்திரம் என்றொரு பலகை. அவற்றைப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, ஆண்டும் ஊரும் இல்லாத படங்களைக் கைக்குக் கை பகிர்ந்து பெருமூச்சு விடுகிறோம்.

2012க்குள் தென்காசிப் பாதையும் திருச்செந்தூர்ப் பாதையும் அகலப்பாதைகளாகிவிட்டன. நேரில் போய்ச் சரிபார்க்க அந்தப் பழைய பாதை இல்லை. ஆகவே படத்தின் பின்புறம் ஊர், ஆண்டு, எத்திசை நோக்கி எடுத்தது என்று பென்சிலால் எழுதுங்கள். தெரியாவிட்டால், தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேளுங்கள். மாதிரிக்குப் பனைமரம் பிறகு நடலாம்.