துடைப்பத்தை எடுக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள்!



சுண்டெலி என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். கார்ட்டூன் படங்களில் பூனையை ஏமாற்றிவிட்டு ஓடும் குறும்புக்காரன் அல்லவா அது! ஆனால், 2025ஆம் ஆண்டில் சுண்டெலி உலகச் செய்தியானது. அது சிரிக்க முடியாத செய்தி.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாண்டா ஃபே என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மனும் அவர் மனைவி பெட்சி அரகாவாவும் வசித்து வந்தனர். அந்த ஆண்டு பிப்ரவரியில் இருவரும் வீட்டிலேயே இறந்து கிடந்தனர். ஹேக்மனுக்கு 95 வயது; இதய நோயாளி. அவர் மனைவியின் உயிரைப் பறித்தது ‘ஹான்டா’ என்ற வைரஸ் என்று மருத்துவர்கள் அறிவித்தனர். வீட்டைச் சுற்றியிருந்த கொட்டகைகளைச் சோதித்தபோது, எலிகள் வந்துபோன அடையாளங்கள் காணப்பட்டன.

இந்த வைரஸைச் சுமப்பது யார்? வட அமெரிக்காவில் ‘மான் எலி’ என்றொரு காட்டுச் சுண்டெலி உண்டு. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, கண்கள் பெரியவை. பார்க்க அழகாக இருக்கும். வைரஸ் அதன் உடம்பிலேயே இருந்தாலும் அதற்கு நோய் வராது. ஆனால், அதன் சிறுநீரிலும் புழுக்கையிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறும். அவை காய்ந்து தூசியாகும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் மனிதருக்கு நோய் தொற்றும். எலி கடித்து நோய் வருவது அரிது. முதலில் சாதாரணக் காய்ச்சல், உடல்வலி போலத் தெரியும். பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத்திணறல் வரை போனவர்களில், பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் இறந்துவிடுகிறார்கள்.

எலி எப்போதும் இருக்கிறது, வைரஸும் இருக்கிறது. அப்படியானால் நோய் ஏன் சில நேரம், சில இடத்தில் மட்டும் கிளம்புகிறது? இரண்டு பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலாவது, 1993ஆம் ஆண்டு நடந்தது. நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட பகுதியில், நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தனர். அங்கே வாழும் நவஹோ பழங்குடி மக்களைக் கண்டாலே மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நோய் எலியிடமிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் பெய்த நல்ல மழையால், பின்யான் என்ற பைன் மரக் கொட்டைகள் ஏராளமாக விளைந்திருந்தன. தீனி பெருகியதால் மான் எலிகள் ஓராண்டில் சுமார் பத்து மடங்கு ஆயின. ‘மழையும் கொட்டையும் மிகுந்த ஆண்டில் எலி மிகும், அதை வீட்டுக்குள் விடாதே’ என்று நவஹோ பெரியவர்கள் முன்பே சொல்லி வந்தார்கள். ஊர் யாரை ஒதுக்கியதோ, அவர்களிடமே விடையும் இருந்தது!

இரண்டாவது, 2012ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நடந்தது. சுற்றுலாப் பயணிகள் தங்கும் கூடாரங்களுக்குக் குளிர் தாங்க இரட்டைச் சுவர் வைத்திருந்தார்கள். இரு சுவர்களுக்கும் நடுவே இருந்த சந்தில் மான் எலிகள் கூடு கட்டிக்கொண்டன. பூங்காவுக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு நோய் வந்தது. மூன்று பேர் இறந்தனர்.

புரிகிறதா, குழந்தைகளே? எலி நம்மைத் தேடி வருவதில்லை. தீனியையும் சந்தையும் தேடி வருகிறது. பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும்!

வீட்டில் பூனையும் நாயும் வளர்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். அவற்றுக்கு ஹான்டா நோய் வருமா? வராது. ஆனால், பூனை தான் பிடித்த எலியை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். நாய்க்கு வைத்த சோறு இரவெல்லாம் தட்டில் கிடந்தால், அது எலிக்கு விருந்தாகும்.

நம் நாட்டுக்கும் இந்த வைரஸ் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு. 1964இல் நம் வேலூரில் ஒரு மூஞ்சூறிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பகுதியின் பெயராலேயே அது ‘தொட்டப்பாளையம் வைரஸ்’ எனப்படுகிறது. அதுவும் ஹான்டா குடும்பமே என்று பின்னாளில் தெரிந்தது. பயப்படாதீர்கள், அமெரிக்காவின் மான் எலி வைரஸ் வேறு, இது வேறு.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சலை. இதற்குக் காரணம் வைரஸ் அல்ல, பாக்டீரியா. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் வெறுங்காலுடன் நடந்தால், காலில் உள்ள சிறு காயம் வழியாகவே கிருமி உள்ளே போகும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பரவியது. வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கு அரசு தடுப்பு மாத்திரை கொடுத்தது. இந்த நோய் நாய்க்கும் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை. இரவில் நாய், பூனையின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வையுங்கள். அரிசி, பருப்பு டின்களை மூடுங்கள். சுவரில் ஓட்டை தெரிந்தால் அப்பாவிடம் சொல்லி அடைக்கச் சொல்லுங்கள். மழைநீரில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

பரணிலோ, பூட்டிக் கிடந்த அறையிலோ எலிப்புழுக்கையைப் பார்த்தால் நீங்கள் தொடக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களும் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசி பறக்குமே! முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட வேண்டும். பிறகு கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுக்க வேண்டும்.

வகுப்பறையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிப்போமே, அதே வழக்கம்தான். அடுத்த முறை அம்மா பரணைச் சுத்தம் செய்யத் துடைப்பத்தை எடுத்தால், ஓடிப்போய் இதைச் சொல்வீர்கள்தானே?