வேண்டாம் என்கிறாள் மகள்!

தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் கோலிவாடாவிலும் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக்காலமாக ஒரு புதுக்குரல் கேட்கிறது. "எனக்குச் சடங்கு வேண்டாம், மண்டபம் வேண்டாம், பேனரில் என் படம் வேண்டாம்" என்று பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் சொல்கிறார்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பெற்றோர் பதறுகிறார்கள். நாம் பிள்ளைகளின் பக்கமே நிற்கிறோம்.

மஞ்சள் நீராட்டு எதற்காக? எங்கள் வீட்டில் மணமுடிக்கத்தக்க பெண் இருக்கிறாள் என்று ஊருக்கும் உறவுக்கும் அறிவிப்பதற்காக. வயதுக்கு வந்ததும் கட்டிக்கொடுத்த காலத்துக்கு அது பொருந்திற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, 16 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் கூடாதென்று தீர்மானித்தது. அதே ஆண்டின் சாரதா சட்டம் 14 என்றது. 1978இல் அது 18 ஆயிற்று. அப்படியிருக்க, ஏழாம் வகுப்புச் சிறுமியை இன்று மேடையேற்றி, யாருக்கு எதை அறிவிக்கிறோம்?

தீட்டென்று ஒதுக்குவது இதனினும் கொடிது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் ஒதுக்க ஏது இடம்? ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, பள்ளிக்கும் அனுப்பாமல் மூலையில் உட்கார வைக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே, பூப்பெய்தியதால் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து மாண்டாள். அந்தச் சாவுக்குப் புயல் மட்டுமா காரணம்?

செலவைப் பாருங்கள். தாய்மாமன் வட்டிக்கு வாங்கிச் சீர் செய்கிறார். தகப்பன் வட்டிக்கு வாங்கிப் பந்தி போடுகிறார். "நாம் எழுதிய மொய்யை எப்போது வாங்குவது?" என்பதே பலருடைய உண்மைக் கவலை. அது பொய்க்கவலை அன்று. அன்றாடம் உழைத்துப் பிழைப்பவருக்கு மொய்தான் சேமிப்பு. ஆனால் அதைத் திரும்பப் பெற மகளின் உடம்பை விளம்பரப்படுத்த வேண்டுமா? பத்தாம் வகுப்பில் தேறினாள் என்று அழையுங்கள். கல்லூரியில் சேர்கிறாள் என்று அழையுங்கள். உறவினர் மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து அன்றைக்குச் செய்யட்டும். பணம் படிப்புக்கு ஆகும்.

சடங்கில் நல்லதொன்றும் உண்டு: உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. அதைக் கைவிட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். சத்துணவு ஒன்பது நாளைக்கு மட்டும் போதாது. ஆண்பிள்ளைக்கு வைக்கும் அளவில் அன்றாடம் வையுங்கள்.

பிழைக்க வந்த ஊரில் இதையும் விட்டால் தமிழர் அடையாளம் போய்விடும் என்கிறார்கள். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அடையாளம் தானே நிற்கும்.

மனமார விரும்பும் பிள்ளைக்கு விழா எடுப்பதை நாம் தடுக்கவில்லை. வேண்டாம் என்பவளை அடித்தும் அழவைத்தும் மணையில் உட்கார்த்தாதீர்கள். அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்குமுன், தாய்மார்களே, தந்தையர்களே, முதலில் மகளைக் கேளுங்கள்!