கழுவிப் பூட்டத் தெரியாதவரின் சைக்கிள் யாருக்குச் சொந்தம்?

விடுமுறை நாட்களில் காட்டுப் பாதைகளிலும் மலைச்சரிவுகளிலும் மவுண்டன் பைக் ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை எம்மவர்கள் மத்தியிலும் இப்போது காணமுடிகிறது. நுவரெலியாவின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய விடயம். ஆனால், நான் சந்தித்த பலர் தமது வண்டியின் விலையையும் எடையையும் ஒப்புவிப்பார்களே தவிர, அதன் சங்கிலியைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவர்கள். ஓட்டுவது எமது வேலை, பராமரிப்பது கடைக்காரரின் வேலை என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையே அந்த வாதத்துக்கு எதிரானது. 1970 களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930 களிலும் 1940 களிலும் தயாரிக்கப்பட்ட தடித்த ரயர்களைக் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, கையில் கிடைத்த பாகங்களைப் பொருத்தி மலைகளில் இருந்து இறக்கினார்கள். 1976 ஒக்டோபர் 21 அன்று அவர்கள் முதன்முதலாகப் போட்டி நடத்திய பாதையின் பெயர் 'றீபாக்'. சுமார் 400 மீற்றர் உயரம் இறங்கும் செங்குத்தான மண்பாதை அது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கும் அந்தக் காலத்துப் பிறேக், இறங்கி முடிவதற்குள் கொதித்து, சில்லின் குடத்துக்குள் இருந்த கிறீஸ் புகையாகிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னர் குடத்தைத் திறந்து புதிய கிறீஸ் அடைத்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லே பாதைக்குப் பெயராகிவிட்டது.

அதே வேலைக்கு யாழ்ப்பாணத்தில் நாம் வைத்திருக்கும் பெயர் 'கழுவிப் பூட்டுதல்'. சைக்கிளைக் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் வைத்து மீண்டும் பூட்டுவது. எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய யுத்த வருடங்களில் பேராசிரியரையும் நோயாளியையும் விறகுக் கட்டையும் சுமந்தது சைக்கிள்தான். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் மக்கள் சைக்கிளையே நாடினார்கள். புதிய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போன அந்த நாட்களில், மூலையில் கிடந்த பழைய வண்டியைத் திருத்தி எடுக்கக்கூடியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இந்த ஆற்றலைத்தான் இன்றைய சைக்கிள் தொழில்துறை எம்மிடமிருந்து மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டிருக்கிறது. மலைச்சைக்கிளின் சில்லு நீண்டகாலமாக 26 அங்குலமாக இருந்தது. பின்னர் 29 அங்குலம் வந்தது. அதைத் தொடர்ந்து 27.5 அங்குலம் வந்தது. பின்சில்லைத் தாங்கும் இடைவெளி 135 மில்லிமீற்றரில் இருந்து 142 ஆகி, அதற்குப் பிறகு 148 ஆனது. ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றம் என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால், ஒவ்வொரு மாற்றத்துடனும் நல்ல நிலையில் இருந்த பழைய பாகங்கள் புதிய சட்டத்துக்குப் பொருந்தாதவையாகிப் போயின. மிதிகட்டை அச்சைத் திருகிப் பொருத்தும் பழைய முறையைக் கைவிட்டு, அழுத்திப் பொருத்தும் முறையைப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. கிரீச்சிடுகிறது என்று ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, அவற்றில் சில மீண்டும் திருகுக்கே திரும்பின. அந்தப் பரிசோதனைக்கான செலவை யார் கொடுத்தார்கள்? வாங்கியவர்கள்தான்.

பொதுவான அளவு சாத்தியமில்லை என்று எவரும் கூறவேண்டாம். பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறிய கொளுவி ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவமாக இருந்தது. ஸ்ராம் நிறுவனம் 2019 இல் பொதுக் கொளுவி ஒன்றை அறிமுகப்படுத்தியபோது பல நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால், 2023 இல் அதே நிறுவனம் கொண்டுவந்த புதிய கியர்த் தொகுதி, அந்தப் பொதுக் கொளுவிக்கென வடிவமைக்கப்பட்ட சட்டங்களில் மாத்திரமே பொருந்தும் என்றானது. பொதுமைக்குள்ளும் வியாபாரம் ஒளிந்திருந்தது.

கடைகளில் நடப்பதும் வேறல்ல. எனது சைக்கிளின் எண்ணெய் பிறேக் தளர்ந்து, பிடி கைப்பிடி வரை வந்துவிட்டபோது, கொழும்பில் ஒரு கடையில் முழுத் தொகுதியையும் மாற்றவேண்டும் என்றார்கள். உண்மையில் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. ஒரு ஊசிக்குழலும் சிறிதளவு கனிம எண்ணெயும் கொண்டு வீட்டு முற்றத்திலேயே அதைச் சரிசெய்தேன். வேலை தெரியாத ஒருவர் அன்று புதிய பிறேக் வாங்கியிருப்பார்.

நவீன தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. மழையில் நனைந்த மலைப்பாதையில் தட்டு பிறேக்கின் அருமை அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். அதிர்வு தாங்கியின் உள்ளமைப்பைத் திறப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நேரமில்லை என்று கூறுபவர்களுக்கு ஒரே பதில்தான். சேற்றில் ஓட்டுவதற்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்க முடிந்தவருக்கு, அந்தச் சேற்றைத் துடைப்பதற்கு கால் மணித்தியாலம் இல்லாமல் போகாது.

தேவைப்படும் அறிவும் பெரிதல்ல. சங்கிலியின் தேய்மானத்தை அளக்க ஒரு அடிமட்டம் போதும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் ஆணிக்கு ஆணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆனால் சங்கிலியை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு மேலதிகமாகும் வரை காத்திருந்தால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். ஒரு சங்கிலியின் செலவு பல மடங்காகும். வேகமாகப் பீய்ச்சும் நீரால் கழுவினால் தண்ணீர் அச்சுகளுக்குள் புகுந்து கிறீஸை வெளியேற்றும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் பிறேக் தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கனிம எண்ணெய்க்கென அமைந்த பிறேக்கில் வாகன பிறேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ரியூப் இல்லாத ரயருக்குள் விடும் பால் எமது வெப்பத்தில் சில மாதங்களில் காய்ந்துபோகும். நினைவில் வைத்து மீண்டும் விடவேண்டும்.

இவற்றைச் செய்பவருக்குக் கிடைக்கும் இலாபம் பணம் மாத்திரமல்ல. தன் கையால் பூட்டிய சைக்கிளில் இறங்குபவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் பொருள் அறிவார். காட்டின் நடுவே சங்கிலி அறுந்தால் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். சங்கிலிக் கருவியை எடுப்பார். அந்தத் தன்னம்பிக்கை இல்லாத சவாரி, கைத்தொலைபேசியில் சமிக்ஞை கிடைக்கும் எல்லையுடன் முடிந்துவிடும்.

எனவே, அடுத்த தடவை ஒரு மலைச்சைக்கிளை வாங்கும்போது அதன் எடையைக் கேட்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் பாகங்கள் ஐந்து வருடங்களுக்குப் பிறகும் கிடைக்குமா? சாதாரண கருவிகளால் இதைக் கழற்ற முடியுமா? மிதிகட்டை அச்சு திருகில் பொருந்துகிறதா? பதில் சொல்லத் தயங்கும் கடையில் இருந்து வெளியேறுங்கள். பணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்வதால் மாத்திரம் சைக்கிள் எவருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை. கழுவிப் பூட்டத் தெரியும் வரை அது கடைக்காரரிடம் தவணைமுறையில் வாடகைக்கு எடுத்த வண்டியே.