தேதி மறந்த கணினி



போன மாதம் எங்கள் வீட்டுக் கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தினமும் காலையில் திறந்தால் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டும். இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். "வைரஸ்தான் சார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற 300 வெள்ளி ஆகும்" என்றார் பட்டணத்துக் கடைக்காரர். மகளின் முகம் வாடிவிட்டது. அவள் பாடங்களும், மறைந்த என் தாயாரின் படங்களும் அதில்தான் இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்தேன். கணினியை அணைத்த பிறகும் அதன் கடிகாரத்தை ஓட வைப்பது 20 காசு அளவிலான ஒரு பேட்டரி, பெயர் சி.ஆர். 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தவறினால் நல்ல பக்கத்தையும் அது சந்தேகிக்கும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றினேன். செலவு சில வெள்ளிதான். தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தன.

ஆகவே, முதலில் தேதியைப் பாருங்கள். அழிக்கச் சம்மதிக்குமுன் படங்களையும் பாடங்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.