மறுநிறுவல் மருந்தன்று

சொந்த சர்வரில் நிறுவிய மென்பொருளிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகவில்லை என்றால் மென்பொருளே பழுது என்றும், அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நிலவும் நம்பிக்கை, கல்லூரி நூலகங்களின் உழைப்பை வீணடிப்பதோடு நில்லாமல் கோளாறின் தடயங்களையும் துடைத்துவிடுவதால், தவறு என்ற அளவில் விட்டுவிடத்தக்கதன்று. தீங்கு என்றே கண்டிக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புழங்கும் கோஹாவையே எடுத்துக்கொள்ளலாம். நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த, யாரும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளத்தக்க இந்நூலக மேலாண்மை மென்பொருளை, தருமபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ உள்ள ஒரு கல்லூரி டெபியன் இயங்குதளத்தில் நிறுவி, நூலைத் திருப்பித் தரவேண்டிய நாளை மாணவர்க்கு மின்மடலால் நினைவூட்ட முனைகிறது என்று கொண்டால், அம்மடல் எழுதப்பட்ட உடனே புறப்பட்டுவிடுவதில்லை. அது முதலில் தரவுத்தளத்தின் செய்தி வரிசையில் ‘நிலுவை’ என்னும் குறிப்போடு காத்திருக்கிறது. குறித்த இடைவெளியில் தானாக ஓடும் ‘கிரான்’ என்னும் காலப்பணி வந்துதான் அதை எடுத்து அனுப்புகிறது. ஆனால் புதிதாக உருவாக்கப்படும் கோஹா தளத்தில் மின்னஞ்சல் வசதி அணைக்கப்பட்டே இருக்கும். ‘கோஹா-ஈமெயில்-எனேபிள்’ என்னும் கட்டளையைத் தளத்தின் பெயரோடு நிர்வாகி கொடுத்த பிறகே காலப்பணி அத்தளத்தின் வரிசையைத் தொடும். எனவே எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அத்தனை முறையும் அணைந்த நிலையே திரும்பி வருகிறது. நோயையே மருந்தாகப் புகட்டுவது என்பது இதுதான்.

வரிசையைக் கடந்த மடலை மறிக்கும் தடைகளோ பெரும்பாலும் மென்பொருளுக்கு வெளியே இருப்பவை. அவை தம் பெயரைப் பதிவுக் கோப்பில் எழுதியும் வைக்கின்றன. 535 என்ற எண் வந்தால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே இறுதியிலிருந்து வழக்கமான கடவுச்சொல் இத்தகைய மென்பொருள்களுக்குச் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும். 550 5.7.26 என்று வந்தால், இன்ன சர்வர் இக்களப்பெயரின் சார்பில் மடல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். குறிப்போ, மடலில் இடப்படும் மறைக்குறிக் கையொப்பமாகிய டிகிம்மோ சரியாக அமையவில்லை. எண் எதுவும் வராமல் இணைப்பு நேரம் கடந்து அறுந்தால், மடல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25ஆம் போர்ட்டை இணைய நிறுவனம் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, 587 வழியாக அனுப்ப முயல வேண்டும்.

இவற்றுள் எதுவும் மறுநிறுவலால் தீர்வதில்லை. ‘இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான்’ என்று கைவிரிப்போர், விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் மடலும் இதே வாயில்களில் இதே சான்றுகளைக் காட்டியே நுழைய வேண்டியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பிழை எண்ணைப் படிக்கச் சில நிமிடம் போதும். அழிக்கும் அவசரத்திலோ, பதிவுக் கோப்போடு நூற்பட்டியலும் சேர்ந்தே போய்விடக்கூடும். காப்புநகல் எடுக்கப்படாத நூலகத்தில், அலமாரியிலிருந்து ஒவ்வொரு நூலாக இறக்கி, தலைப்புப் பக்கத்தில் உள்ள சேர்க்கை எண்ணைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்யும் வேலை நூலகர் தலையில்தான் விழுகிறது.