அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்ன பாவி

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் தூக்கம் இல்லாததுதான். ஆறு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் முழிச்சு உட்கார்ந்திருந்தவன் என்னத்த எழுதறது? அதைப் பத்தின புலம்பலா ஆரம்பிக்கிற இந்தப் பதிவு, என்னையே நான் திட்டிக்கிறதுல முடியப்போகுது. நீங்களும் என்னை மாதிரி வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போன் போடற ஆளா இருந்தா, அந்தத் திட்டுல உங்களுக்கும் பங்கு உண்டு. முன்கூட்டியே சொல்லிட்டேன் :-)

இங்கிலாந்துல நான் இருக்கிறது ரெண்டு வீடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கிற மாதிரி கட்டின வீடு. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நான் ஊருக்குப் போனா என் குப்பைத் தொட்டியை வெளியே எடுத்து வைக்கிறவர். இந்த வருஷம் பின்பக்கம், சுவரை ஒட்டி, ஒரு ஹாட் டப் வாங்கி வெச்சார். 2020 ஊரடங்குல இந்த நாட்டுல பிடிச்ச மோகம், இன்னும் விடலை. அவர் குடும்பத்தோட சாயங்காலம் அதுல உட்கார்ந்து சிரிக்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை, அவங்க தூங்கப்போன பிறகு. தண்ணியைச் சுத்தம் பண்ண பம்ப் தானாவே ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட ஆரம்பிக்கும். சத்தம்னு கூடச் சொல்லமுடியாது. 'ம்ம்ம்ம்'னு ஒரு முனகல். ஜன்னலை மூடினா குறையாது, இன்னும் தெளிவா கேக்கும். காதுல பஞ்சு வெச்சாலும் தலையணை வழியா வரும். ஏன்னா அது காத்து வழியா வரலை. பம்ப் தரையை ஆட்டுது, தரை சுவரை ஆட்டுது, சுவர் என் கட்டிலை ஆட்டுது.

நான் என்ன பண்ணேன்? முதல் வாரமே வேலிக்கு மேல எட்டிப் பார்த்து மரியாதையா சொன்னேன். "ஓ, ஸாரி"ன்னார். ஒண்ணும் மாறலை. அடுத்த வாரமே கவுன்சிலுக்கு எழுதிப்போட்டேன். அவங்க ஒரு படிவம் அனுப்பி, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எத்தனை மணிக்கு நிக்குதுன்னு தினமும் குறிக்கச் சொன்னாங்க. குறிச்சேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதம் போச்சு. அவர் டைமரைப் பகலுக்கு மாத்தி, அடியில ரப்பர் மெத்தை போட்டார். முடிஞ்சது. இன்னும் குப்பைத் தொட்டியை அவர்தான் எடுத்து வைக்கிறார்.

இங்கே 1990-ல வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு அருமையான வரி இருக்கு. சத்தம்னா அதுல அதிர்வும் அடக்கம்னு அந்தச் சட்டமே சொல்லிடுது. அதனால கவுன்சில்காரங்க "மீட்டர்ல ஒண்ணும் காட்டலையே"ன்னு என்னைத் திருப்பி அனுப்பலை. நான் சந்தோஷமா தூங்கினேன். மூணாவது நாள்தான் மண்டையில உறைச்சுது.

எங்க ஊர் சாமராஜநகர். சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் மலை ஏறி இறங்கினா வரும். தாத்தா மஞ்சள் வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போய் அங்கேயே தங்கிட்டார். அப்பாவும் அங்கேயே கடை வெச்சு, இப்ப 74 வயசுல ஓய்வா இருக்கார். போன வருஷம் பொங்கல் சமயத்துல பக்கத்து வீட்டை இடிச்சு மாடி வெச்சுக் கட்டினாங்க. மொட்டை மாடியில, எங்க சுவரை ஒட்டி, பிரஷர் பம்ப். ராத்திரி யாராவது குழாயைத் திறந்தா ஓடும், மூடினா நிக்கும். எங்கயோ ஒரு குழாய் ஒழுகுது போல, யாரும் திறக்காமலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும்.

அம்மா போன்ல சொன்னா. "கண்ணு, ராத்திரியெல்லாம் செவுரு உறுமுது. உங்கப்பா தூங்கறதே இல்ல. இரு, போனைச் செவுத்துகிட்ட வெக்கறேன், கேக்குதா?" எனக்கு ஒண்ணும் கேக்கலை. கேக்காது. செல்போன் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த சுருதியை ஒழுங்கா கொண்டுவராது. படிச்சது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். ஆனா அன்னைக்கு அது எனக்குத் தோணலை. எனக்குத் தோணினது, 'வயசாயிடுச்சு, பொழுது போகலை, சின்ன விஷயத்தைப் பெருசு பண்றாங்க.' நான் சொன்னது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. பக்கத்து வீட்டோட எதுக்கு வம்பு?"

ஒரு வருஷத்துக்கு மேல அட்ஜஸ்ட் பண்ணாங்க. அப்பா கட்டிலைத் திண்ணைக்கு மாத்திக்கிட்டார், கொசுக்கடியோட. அம்மா சமையலறையில பாய் போட்டா. ஆனா இங்கே அதே உறுமல் எனக்கு வந்ததும் ரெண்டாவது வாரமே கவுன்சில் கதவைத் தட்டியாச்சு. இந்தியாவிலயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இங்கிலாந்திலயும் 50 ஹெர்ட்ஸ். மோட்டார்ல எழற முனகல் ரெண்டு நாட்டிலயும் 100 ஹெர்ட்ஸ்தான். அம்மா கேட்டதும் நான் கேட்டதும் ஒரே சுருதி. மரியாதை மட்டும் வேற வேற.

கர்நாடகாவுல இருந்தவங்களுக்கு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" தெரியாம இருக்காது. பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் உட்காரும்போது சொல்றது. நல்ல வார்த்தைதான். ஆனா அதை யார் யாரைப் பார்த்துச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? இடம் கேக்கறவன் சொல்றான், இடம் விடறவன் கேக்கறான். ராத்திரி பம்ப் போடறவன் அட்ஜஸ்ட் பண்றதே இல்லை. தூங்கமுடியாதவன்தான் பண்றான். சத்தம் போடற உரிமைக்கு யாரும் காரணம் சொல்லவேண்டியதில்லை, அமைதி கேக்கறவன் மட்டும் "தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னு ஆரம்பிக்கணும். இதுக்குப் பேர் பெருந்தன்மைன்னு நாமளே பேர் வெச்சுக்கிட்டோம்.

எங்க அப்பா மாதிரி ஆளுங்க வாயைத் திறக்காததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1991 டிசம்பர்ல காவிரிக் கலவரம். பெங்களூர்லயும் மைசூர்லயும் தமிழர்கள் அடி வாங்கினாங்க. எங்க தெருவுல ஒண்ணும் நடக்கலை. ஆனா அப்பா பத்து நாள் கடை திறக்கலை. 2000 ஜூலையில எங்க ஊருக்குப் பக்கத்துல, தாளவாடி காஜனூர்ல வெச்சு வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்தினப்போ, அவர் திரும்பி வர்ற வரைக்கும் 108 நாள் அப்பா கடையில தமிழ்ப் பேப்பரை வெளியே வெக்கலை. அப்பவும் ஒண்ணும் நடக்கலை. பக்கத்துக் கடைக்காரர்தான் துணைக்கு வந்து உட்கார்ந்தார், கன்னடக்காரர். ஆனா 'நாம வந்த இடம், அடக்கமா இருந்துக்கணும்'ங்கிறது அப்பாவோட எலும்புல ஏறிப்போச்சு. மூணு தலைமுறையா வரி கட்டற ஊர், இன்னும் வந்த இடம்! அந்தப் பயத்தை நான் புரிஞ்சுக்கிறேன். அதைப் பயன்படுத்திக்கிட்டு என் சோம்பேறித்தனத்தை மறைச்சதைத்தான் என்னால மன்னிக்கமுடியலை.

'சரி, இந்தியாவுல இதுக்கெல்லாம் சட்டம் ஏது'ன்னு கேப்பீங்க. இருக்கு. ஒலி மாசு விதிகள் 2000-ல வந்தது. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் 45. 2005 ஜூலை 18-ல உச்ச நீதிமன்றம், நிம்மதியா வாழறதும் அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு தர்ற உயிர்வாழும் உரிமையில சேர்த்திதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் விதின்னு நினைக்காதீங்க. ஒரு கட்டடத்துல நடக்கிற எந்த வேலையோ இயக்கமோ சத்தம் எழுப்பினாலும், அதை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ எழுத்துல உத்தரவு போட அதிகாரிக்கு எட்டாவது விதி இடம் தருது.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. அந்த 45 டெசிபல் 'ஏ' எடை போட்ட டெசிபல். மனுஷக் காது தாழ்ந்த சுருதியைக் குறைச்சுத்தான் கேக்கும்கிற கணக்குல, 100 ஹெர்ட்ஸ் சத்தத்துல இருந்து மீட்டர் 19 டெசிபலைக் கழிச்சிடும், 50 ஹெர்ட்ஸா இருந்தா 30. அதாவது சுவர் 60 டெசிபல்ல உறுமினாலும் மீட்டர் 41-ன்னு காட்டி, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொல்லும். அம்மாவுக்குக் கேக்கறது மீட்டருக்குக் கேக்காது. அதிர்வுக்குன்னு அந்த விதிகள்ல ஒரு எண்ணும் கிடையாது.

எண்ணே போடத் தெரியாதவங்களா? இல்லை. சாமராஜநகர் கருங்கல் குவாரிக்குப் பேர் போன ஊர். குவாரியில வெடி வெச்சா பக்கத்து வீடு எவ்வளவு ஆடலாம்னு 1997-லயே சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் எண் போட்டிருக்கு. அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர். ஆனா அதெல்லாம் சுவர் விரிசல் விடக்கூடாதுங்கிறதுக்கான எண். சுவருக்குள்ள படுத்திருக்கிற கிழவன் கிழவிக்கான எண் யாரும் போடலை.

இன்னொண்ணு சொல்றேன். எங்க மாவட்டத்துல ராத்திரிக்கு மரியாதை இல்லாமலும் இல்லை. பந்திப்பூர் காட்டு வழியா போற நெடுஞ்சாலையில ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 வரைக்கும் வண்டி போகக்கூடாதுன்னு 2009-ல தடை வந்தது. 2010-ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. எங்க திம்பம் ரோட்டுக்கும் 2022-ல சென்னை உயர் நீதிமன்றம் ராத்திரித் தடையை அமல்படுத்தச் சொன்னது. முக்கியமா, விலங்குகள் வண்டியில அடிபட்டுச் சாகுதுங்கிறதுக்காக. எதிர்ப்பு நிறைய வந்தது. ஆனா தடை நின்னது. நான் அதை முழுசா ஆதரிக்கிறேன். யானைக்கும் மானுக்கும் ராத்திரி சொந்தம்னு ரெண்டு உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. நாங்க மட்டும் எங்க அப்பாவுக்கு ராத்திரி சொந்தம்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லலை.

"ஊர்ல ஹாரன் சத்தம், மைக் செட் சத்தம், இதுல பம்ப் ஒரு சத்தமா?"ன்னு ஒருத்தர் கேப்பார். மைக் செட்டுக்கு முடிவு உண்டு, திருவிழா முடிஞ்சா நிக்கும். இது தினமும். தினமும் ராத்திரி மூணு தடவை முழிக்கிற 74 வயசுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு ஏறாம வேற என்ன ஏறும்?

"நீ மட்டும் யோக்கியனா?"ன்னு இன்னொருத்தர் கேப்பார். நியாயம். அஞ்சரை மணிக்கு மிக்ஸியில சட்னி அரைச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கிரைண்டரைத் தரையில வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கேன். இந்தப் பதிவு எழுதறதுக்கு முன்னாடி கிரைண்டருக்கு அடியில கெட்டி ரப்பர் மேட் வாங்கிப் போட்டாச்சு. நீங்களும் போடுங்க. அபார்ட்மென்ட்ல கீழ்வீட்டுக்காரர் உங்களைப் பத்தி என்ன நினைக்கிறார்னு ஒரு தடவை போய்க் கேளுங்க.

சாமராஜநகர்ல என்ன ஆச்சுன்னு சொல்லணும் இல்லையா. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணேன். என் துருப்பிடிச்ச கன்னடத்துல, நடுங்கிக்கிட்டேதான். பம்ப் எங்கே இருக்கு, ஏன் சுவர் ஆடுது, என்ன செய்யலாம்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஒந்து மாத்து ஹேள்பஹுதித்தல்லா சார்"னார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்! அவங்க அம்மாவுக்கும் ராத்திரி அந்தச் சத்தத்துல தூக்கம் வர்றதில்லையாம். பம்பைச் சுவர்ல இருந்து நகர்த்தி, ரப்பர் மேல வெச்சு, குழாயோட சேர்ற இடத்துல வளையற ஹோஸ் போட்டு, ஒழுகின குழாயைச் சரிபண்ணார். ஒரு நாள் வேலை.

எல்லா பக்கத்து வீட்டுக்காரரும் இப்படி இருக்கமாட்டாங்க, தெரியும். இருக்காதவங்களுக்குத்தான் சட்டம். முதல்ல நேர்ல பேசுங்க. கேக்கலைன்னா தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. அப்புறம் எழுத்துல புகார் குடுங்க. பல வீடு பாதிச்சா இப்ப இருக்கிற பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 152-வது பிரிவுல நிர்வாக மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். ஒரு வீடு மட்டும்னா சிவில் கோர்ட்டுல தடை கேக்கலாம். வயசானவங்க தனியா செய்யமுடியாது. நாமதான் செய்யணும். இங்கே கவுன்சிலுக்கு ஈமெயில் அடிக்கத் தெரிஞ்ச நமக்கு, அங்கே ஒரு போன் போடத் தெரியாதா?

அப்பா இன்னும் திண்ணையிலதான் படுக்கிறார். "பழகிப்போச்சு சாமி"ங்கறார். அம்மா ரூமுக்குத் திரும்பிட்டா. அடுத்த மாசம் லீவு போட்டு ஊருக்குப் போறேன், கட்டிலை உள்ளே தூக்கிப் போட.

பி.கு: உங்க அம்மா அப்பா போன்ல 'சின்ன விஷயம்'னு எதையாவது சொல்லி, நீங்க பேச்சை மாத்தியிருந்தா, இன்னைக்கே அதைத் திரும்ப எடுத்துக் கேளுங்க. என்னன்னு பின்னூட்டத்துல சொன்னா, தெரிஞ்சதைச் சொல்றேன்.