வீட்டுச் சவர்க்காரத்துக்கு யார் பேர் போடுவது?

கண்டி ஹந்தானைப் பக்கத்தில் வீட்டிலேயே சவர்க்காரமும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் செய்து விற்கும் பெண்கள் விலை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்கு இவ்வளவு, காஸ்டிக் சோடாவுக்கு இவ்வளவு, வாசனைக்கு இவ்வளவு, சுற்றும் கடதாசிக்கு இவ்வளவு என்று கூட்டுகிறார்கள். வந்த தொகைக்கு மேல் இருபதோ முப்பதோ வைக்கிறார்கள். பக்கத்து லயத்து அக்கா 160க்குக் கொடுக்கிறார் என்று காதில் விழுந்தால் 150 ஆக்கிவிடுகிறார்கள். செய்தவளின் உழைப்பு அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை. அது முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் அம்மா ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் கண்டி நகரத்தில் ஒரு மொத்தக் கடையில் பல வருடம் கணக்கு எழுதிவிட்டு, இப்போது வீட்டில் சவர்க்காரம் செய்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். அந்த அரைப் பேரை முழுப் பேராக்க அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று வாதாடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தன் வேலைக்கு என்ன பெறுமதி என்பதில் எங்கள் தாய்மாருக்கு ஒருபோதும் மயக்கம் இருந்ததில்லை.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 சேர்த்து 1,750 என்று சொன்னது. இந்த எண்களுக்குப் பின்னால் வேலைநிறுத்தம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, கம்பனிகள் போட்ட வழக்குகளும் உண்டு. அது போதாத சம்பளம் என்பதே என் கருத்து. ஆனாலும் சட்டத்தின் முன் அது ஓர் எண்ணாக நிற்கிறது. அதே குடும்பத்தின் மகள் அடுப்படியில் கையுறை போட்டுக்கொண்டு காஸ்டிக் கரைக்கும்போது அவளுக்கு எந்த எண்ணும் இல்லை. அவளே அவளுக்கு முதலாளி என்று சொல்கிறோம். சம்பளம் கொடுக்காத முதலாளியைத் தோட்டத்தில் நாங்கள் விட்டுவைப்போமா?

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் சுலபமான எண்களை வைத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெய் ஒரு கிலோ 1,000 ரூபா. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற 183 கிராம் அளவில் காஸ்டிக் சோடா வேண்டும். அவ்வளவும் போட்டால் தோல் வறளும். அதனால் எண்ணெயில் கொஞ்சம் மிஞ்சும்படி 155 கிராம் போடுகிறோம். அதற்கு 100 ரூபா. தண்ணீர் 300 கிராம். எலுமிச்சைப்புல் எண்ணெயோ வேறு வாசனையோ 300 ரூபாவுக்கு. கடதாசியும் லேபலும் 350. அடுப்புச் செலவு 50. மொத்தம் 1,800 ரூபா. அச்சில் ஊற்றி வெட்டினால் 100 கிராம் கட்டிகள் 14 வரும். ஒன்றுக்கு 129 ரூபா. 150க்கு விற்றால் 21 ரூபா லாபம் என்று மனம் நிறைகிறது.

இப்போது விட்டுப்போனவற்றைச் சேர்ப்போம். நிறுப்பது, கரைப்பது, கலக்குவது, ஊற்றுவது, மறுநாள் வெட்டுவது, ஓரம் சீவுவது, வாரங்கள் கழித்துச் சுற்றி லேபல் ஒட்டுவது, பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவது. எல்லாம் சேர்த்து நாலு மணித்தியாலம் என்று குறைத்தே வைக்கிறேன். அரைப் பேர். 1,550இல் பாதி 775 ரூபா. பஸ்ஸுக்கு 100. மொத்தம் 2,675 ஆகிறது. பதினாலில் ஒன்று மூலை உடையும், அல்லது மேலே வெள்ளை பூக்கும், அல்லது யாராவது மணந்து பார்க்கக் கொடுப்போம். ஆக விற்பது 13. ஒன்றின் அடக்கம் 206 ரூபா. அச்சும் தராசும் தேயும், எண்ணெய் விலை ஏறும். அதற்கென்று பத்தில் ஒரு பங்கு வைத்தால் கிட்டத்தட்ட 225 ரூபாவுக்கு வந்து நிற்கிறது.

150க்கு விற்றவள் ஒரு கட்டிக்கு 21 ரூபா சம்பாதிக்கவில்லை. அடக்கத்தில் 56 ரூபாவைத் தன் உடம்பிலிருந்து எடுத்து வாங்குபவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

கடைக்குக் கொடுக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. நகரத்தில் சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகள் பொருளைத் தட்டில் வைத்து, விற்ற பிறகு தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். கமிஷன் நூற்றுக்கு 25 என்று வைப்போம். 225க்கு 25 வீதம் கூட்டி 281 என்று விலை சொல்லிவிட்டுச் சரியாகச் செய்ததாக நினைக்கிறோம். கடை எடுப்பது 281இன் கால் பங்கு. கைக்கு வருவது 211. ஒரு கட்டிக்கு 14 ரூபா போய்விட்டது. 225ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்; கடை விலை 300. படித்த பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் சவர்க்காரம் உறையும் வெப்பநிலையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஒரு வகுத்தலையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பல குடும்பங்களுக்கு உதவும்.

வீட்டுக்கு வந்து வாங்குகிறவருக்கும் அதே 300தான் சொல்ல வேண்டும். இதில் என் தோழிகள் பலர் என்னோடு ஒத்துப்போவதில்லை. "கடைக்காரருக்குக் கொடுக்கிற 75 ரூபாவை எங்கட சனத்துக்குக் குறைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். குறைத்தால் கடை விலை பொய்யாகிவிடும். கடைக்காரர் அடுத்த தடவை பொருள் எடுக்க மாட்டார். அதைவிட முக்கியமானது, விற்பதும் வேலைதான். கதவைத் தட்டுகிறவருக்கு எழுந்து வந்து, எடுத்துக் காட்டி, தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று விளக்கி, சில்லறை தேடிக் கொடுக்கிறோம். கடைக்காரர் அதைச் செய்தால் 75 ரூபா, நாங்கள் செய்தால் சும்மாவா?

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று 100 கிராமாக வெட்டிய கட்டி ஐந்தாறு வாரம் காய்ந்த பிறகு 90 கிராம் அளவுக்கு வந்துவிடும். ஹந்தானையில் மூட்டம் இறங்கும் மாதங்களில் காய்வதற்கு இன்னும் நாள் பிடிக்கும். லேபலில் 100 என்று அச்சடித்துவிட்டு 90ஐக் கொடுப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். காய்ந்த பிறகு நிறுத்து, அந்த எடையைத்தான் போட வேண்டும். கூலியை நேர்மையாகக் கேட்கிறவர் எடையையும் நேர்மையாகக் கொடுக்க வேண்டும். லேபலில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சடித்துவிட்டால் அதற்கு மேல் விற்கவும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதைப் பார்க்கிற இடம். அதனால் ஆயிரக்கணக்கில் லேபல் அடிக்காதீர்கள். விலைக்கும் திகதிக்கும் இடம் விட்டு அடித்து, முத்திரை குத்துங்கள்.

விலை எவ்வளவு வேகமாக மாறும் என்பதை 2022 எங்களுக்கு நன்றாகவே படிப்பித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. காஸ்டிக்கும் பல வாசனைகளும் இறக்குமதி. காய வைத்த சவர்க்காரத்தைப் பழைய விலைக்கு விற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் மறுபடி அதே அளவு சரக்கு வாங்க முடியவில்லை. 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாவை எட்டியபோது எண்ணெயிலும் அதே கதை. இன்று விற்கும் கட்டி போன மாதத்து எண்ணெயில் செய்தது. ஆனால் அதை விற்ற காசில் வாங்கப்போவது அடுத்த கிழமை எண்ணெய். ஆகவே பழைய பில்லை வைத்து விலை போடக் கூடாது. கடையில் இன்றைய விலையைக் கேட்டுப் போட வேண்டும்.

300 ரூபாவுக்கு யார் வாங்குவார்கள் என்பது நியாயமான கேள்வி. தொழிற்சாலைச் சவர்க்காரம் அதைவிடக் குறைவு. ஸ்வதேசி நிறுவனம் 1941இல் இருந்து செய்கிறது. யூனிலீவர் உலகம் முழுக்கச் செய்கிறது. அவர்கள் தொன் கணக்கில் வாங்குகிறார்கள், நாங்கள் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். அவர்களோடு விலையில் மோத நினைப்பது வீண். விலையைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. ஒரு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ எண்ணெயில் ஒரே தடவையாகச் செய்யுங்கள். நிறுக்கவும் கலக்கவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். வெட்டவும் சுற்றவும் கூடுதலாக எடுக்கும். நாலு மணித்தியாலம் ஏழாகும், பன்னிரண்டு ஆகாது. பஸ் பயணம் ஒன்றே. அப்படிக் கணக்குப் போட்டால் 225 என்பது 195க்குக் கிட்ட வருகிறது, கடை விலை 260 ஆகிறது. யாருடைய கூலியிலும் கை வைக்காமல் குறைந்த விலை அது. தனியாளுக்கு மூன்று கிலோ விற்பது கஷ்டம் என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாம்.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் 300 கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பாதி அளவில் சின்னக் கட்டி போடுகிறேன். பாதி அளவு என்பதால் பாதி விலை ஆகாது. சுற்றுவதற்கும் லேபலுக்கும் அதே நேரம், அதே கடதாசி. 170 என்று சொல்கிறேன், வாங்குகிறார்கள்.

எந்தப் பொருள் கூலியைத் தாங்காதோ அதைக் கைவிடவும் துணிவு வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைத்தான் பயிற்சிகளில் அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏனென்றால் ஒரு காலையில் செய்து காட்டிவிடலாம். டெக்ஸபோன் என்ற நுரைப் பசையை வாங்கி, உப்பும் சாயமும் சேர்த்துத் தண்ணீரில் கரைப்பதுதான் வேலை. உள்ளே இருப்பதைவிடப் போத்தலும் மூடியும் செலவு பிடிக்கும். அதையே எல்லாரும் செய்வதால் கடைசியில் தண்ணீரைச் சுமந்து விற்கிறோம். என்னைக் கேட்டால் அதை விட்டுவிடச் சொல்வேன். செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் கரிசாலையும் போட்டுக் காய்ச்சும் தலை எண்ணெய் அப்படி இல்லை. அதில் கைப்பக்குவம் இருக்கிறது, அதற்கு விலை கேட்கலாம். விலையை ஏற்றுவதற்காக மட்டும் முடி கொட்டுவது நிற்கும், படை மாறும் என்று லேபலில் எழுதாதீர்கள். மருந்து என்று சொல்லிவிட்டால் அது மருந்துச் சட்டம் பார்க்கும் விஷயம். எரிச்சலோடு வருகிற ஒரு குழந்தையின் தாய்க்கு நாங்கள் பதில் சொல்லவும் முடியாது.

1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அது லிஜ்ஜத் அப்பள நிறுவனம் ஆனது. பின்னாளில் சலவைத்தூளும் செய்தது. அவர்கள் வளர்ந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். நான் பெரிதாக நினைப்பது ஒன்றைத்தான்: அப்பளம் இட்ட பெண்ணுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி முதலில் வந்துவிடும். லாபம் என்பது அதற்குப் பிறகு பேசும் பேச்சு. எங்கள் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பொருளுக்குக் கொடுத்து, கடைக்குக் கொடுத்து, கடன் தவணைக்குக் கொடுத்து, ஏதாவது மிஞ்சினால் அதுதான் அவளுக்கு.

ஆகவே சிலரிடம் சில விஷயங்களைக் கேட்கிறேன். விதாதா வள நிலையங்களிலும் கங்கவட்ட கோரளைப் பிரதேச செயலகத்திலும் சுயதொழில் பயிற்சி நடத்தும் உத்தியோகத்தர்களே, செய்முறைக்கு ஒரு நாள் கொடுத்தால் விலைக்கு இன்னொரு நாள் கொடுங்கள். கூலி என்ற நிரல் இல்லாத கணக்குத் தாளை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடைக்காரர்களே, கமிஷனை எடுங்கள், விற்ற காசை மாதம் முடியும்போது ஒழுங்காகக் கொடுங்கள். வாங்குகிறவர்களே, "வீட்டில் செய்ததுதானே, கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்காதீர்கள். வீட்டில் செய்தது என்பதால் ஒரு மணித்தியாலம் அறுபது நிமிடத்துக்குக் குறைந்துவிடாது. பக்கத்து வீட்டில் சவர்க்காரம் செய்யும் அக்கா தங்கைமாரே, விலையை ஆளுக்கு ஆள் குறைத்துக்கொண்டு போகாமல், ஒரு நாள் உட்கார்ந்து எல்லாருமாகக் கணக்கைப் போடுவோம். கொப்பியில் எண்ணெய்க்கு முன்னால் உங்கள் பேரை எழுதுங்கள்.